திருஷ்டி இல்லை... அம்மோனியா! வீடு மாறும்போது மீன் தொட்டியை எப்படிக் கொண்டுபோவது?

ஃபிரிட்ஜைச் சாய்க்காமல் ஏற்றத் தெரியும். பீரோ கண்ணாடிக்குப் போர்வை சுற்றத் தெரியும். துளசிச் செடியைக்கூட மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோய்விடுவோம். ஆனால், வீடு மாறும் நாளில் எல்லாச் சாமான்களும் வண்டியில் ஏறிய பிறகு, ஹால் மூலையில் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். மீன் தொட்டி.

'இதை என்னப்பா பண்றது?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'பக்கெட்ல போட்டுக் கொண்டுபோயிடலாம் கண்ணு' என்பார் அப்பா. அப்படியே நடக்கும். மீன்களும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிடும். பளபளவென்று கழுவிய தொட்டியில், புதுத் தண்ணீரில் அவை நீந்துவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப்போவார்கள்.

மூன்றாவது நாளோ, நான்காவது நாளோ ஒரு மீன் மிதக்கும். வாரக் கடைசிக்குள் இன்னும் இரண்டு. 'நமக்கு வர இருந்த திருஷ்டியை அது வாங்கிக்கிச்சு, விடுங்க' என்று ஆறுதல் சொல்வார் பாட்டி. 'இந்த வீடு நமக்கு ராசியில்லையோ' என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல். பிள்ளைகள் அழுவார்கள்.

பாவம், அந்த வீடு எந்தத் தப்பும் செய்யவில்லை. வீடு மாறும்போது மீன்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் பயணம் காரணமே இல்லை. வந்து சேர்ந்த பிறகு, முதல் பத்துப் பதினைந்து நாள்களில் தொட்டித் தண்ணீரில் நடக்கும் ஒரு மாற்றம்தான் காரணம். அதைப் புரிந்துகொண்டால் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் என எதை வளர்த்தாலும் புது வீட்டுக்கு உயிரோடு கூட்டிப்போய்விடலாம்.

தொட்டிக்குள் இன்னொரு குடும்பம்

உங்கள் தொட்டியில் மீன்களைத் தவிர இன்னொரு பெரிய குடும்பமும் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கழிவும், சாப்பிடாமல் மிச்சம் விட்ட தீவனமும் அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். செவுளைப் புண்ணாக்கும், மூச்சுத்திணற வைக்கும். ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் பெரிய ஆபத்து இல்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் இங்கே முக்கியம். தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. பெரும்பாலானவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், அதிலுள்ள பீங்கான் வளையங்களிலும், கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டால் வழுவழுவென்று பழுப்பாக இருக்குமே, அழுக்கு என்று நினைக்கிறோமே, அந்தப் படலத்தில்தான் இவற்றின் குடியிருப்பு.

வீடு மாறும்போது நாம் என்ன செய்கிறோம்? 'போறதுதான் போறோம், சுத்தமா கழுவிட்டுப் போவோம்' என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிகிறோம். கூழாங்கல்லைச் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்துக் கோணிப்பையில் கட்டுகிறோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது பாக்டீரியாக்களைக் கொல்லும். சோப்பும் வெயிலும் மிச்சத்தைக் கொன்றுவிடும். தொட்டி புதிதுபோல ஜொலிக்கும். ஆனால், அதில் அம்மோனியாவை மாற்ற ஆள் இல்லை.

இந்த பாக்டீரியாக்கள் பாலில் உறை விடுவதுபோல ஒரே இரவில் பெருகுபவை அல்ல. முழு எண்ணிக்கைக்குத் திரும்ப வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன்கள் தங்கள் கழிவிலேயே நீந்த வேண்டியதுதான். மூன்றாவது, நான்காவது நாளில் மீன் மிதப்பதன் ரகசியம் இதுதான்.

அதனால், மீன் தொட்டியை மாற்றுவது என்றால் மீனை மட்டும் கொண்டுபோவது அல்ல. ஃபில்டரில் இருக்கும் இந்தக் குடும்பத்தையும் உயிரோடு கொண்டுபோவது. அதற்கு இரண்டே விஷயங்கள் வேண்டும்: ஈரம், காற்று.

பால் காய்ச்சப் போகும்போது ஒரு பாட்டில்

வீடு பார்க்கும்போது வாடகை, அட்வான்ஸ், பார்க்கிங் எல்லாம் விசாரிப்போம். கூடவே 'தண்ணி போரா, மெட்ரோ வாட்டரா, லாரியா?' என்றும் கேட்போம். மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் ரொம்பவே முக்கியம்.

ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில்கூட போர் தண்ணீர் வேறு வேறாக இருக்கும். ஒன்று உப்பு, ஒன்று சுமார், ஒன்று பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படியும் கடினத் தண்ணீர். மீனின் உடல் தான் வாழும் தண்ணீரின் உப்புக்கும், பி.ஹெச் அளவுக்கும் பழகியிருக்கும். அது திடீரென்று மாறினால் உடல் தாங்காது. இன்னொரு விஷயம்: பி.ஹெச் அதிகமாக இருக்கும் தண்ணீரிலும், வெதுவெதுப்பான தண்ணீரிலும் அம்மோனியாவின் விஷத்தன்மை கூடும். பழைய வீட்டில் தாக்குப்பிடித்த அதே அளவு அம்மோனியா, புது வீட்டுத் தண்ணீரில் உயிரைப் பறிக்கலாம்.

பலரும் முன்பே ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சில நாள்கள் கழித்துத்தான் சாமான்களை ஏற்றுகிறார்கள். பால் காய்ச்சப் போகும் அன்று ஒரு பாட்டிலில் அந்த வீட்டுத் தண்ணீரைப் பிடித்து வாருங்கள். டி.டி.எஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பி.ஹெச் பார்க்கும் கிட் அலங்கார மீன் கடைகளில் இருக்கும். இரண்டு வீட்டுத் தண்ணீரையும் அளந்து பாருங்கள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் கவலையில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால், புது வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து, கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் தினமும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றி வாருங்கள். வண்டி ஏறுவதற்குள் மீன்கள் பாதி பழகியிருக்கும்.

மெட்ரோ வாட்டர், நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்ற பெயரில் விற்கும் சொட்டு மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விடுங்கள். மருந்து இல்லையென்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டாலும் குளோரின் பெருமளவு வெளியேறிவிடும்.

'அப்போ சமையலறை ஆர்.ஓ. தண்ணியை ஊத்தினா?' என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் இருக்காது. அதேபோல, ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரில் உப்பு மிக அதிகம். இரண்டுமே தொட்டிக்குச் சரிப்படாது.

ஒரு வாரத்துக்கு முன்பு...

* தொட்டியை அதற்கென்று விசேஷமாகக் கழுவாதீர்கள். வழக்கமான தண்ணீர் மாற்றம் போதும்.

* புது மீன் எதுவும் வாங்காதீர்கள். பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் புது வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகட்டும்.

* மூவர்ஸ் அண்ட் பேக்கர்ஸ் வண்டியில் அனுப்பலாம் என்று நினைத்தால் முன்பே கேட்டுவிடுங்கள். பொதுவாக உயிருள்ளவற்றை அவர்கள் ஏற்றிக்கொள்வதில்லை. மீன்கள் உங்களோடு வருவதுதான் நல்லது.

* மூடி போட்ட பக்கெட், 20 லிட்டர் வாட்டர் கேன், தெர்மாகோல் பெட்டி, தடிமனான பாலித்தீன் பை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பெயின்ட் இருந்த பக்கெட்டும், பினாயில் ஊற்றிய பக்கெட்டும் கூடாது.

* கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பு தீவனத்தை நிறுத்திவிடுங்கள். வெளியூர்ப் பயணம் என்றால் 2 நாள். 'பட்டினி போடுவதா?' என்று மனசு கேட்காதுதான். ஆனால், நல்ல ஆரோக்கியமான பெரிய மீன் இரண்டு நாள் சாப்பிடாமல் சாதாரணமாக இருக்கும். வயிறு நிறைந்த மீன் பைக்குள்ளேயே கழிக்கும். அந்தச் சின்னப் பைக்குள் தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும்.

கிளம்பும் நாள்: கடைசியில் பிரித்து, முதலில் பூட்டுங்கள்

மீன் தொட்டிக்கு ஒரே விதிதான். பழைய வீட்டில் கடைசியாகப் பிரிக்க வேண்டும். புது வீட்டில் முதலில் பூட்ட வேண்டும். டி.வி-யும் கட்டிலும் காத்திருக்கும். மீன் காத்திருக்காது.

பிரிக்கும் வரிசை இது:

1. ஹீட்டர் இருந்தால் முதலில் அணைத்து, அரைமணி நேரம் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

2. மீனைப் பிடிக்கும் முன்பே, அடியில் உள்ள கல்லைக் கலக்காமல் மேல் தண்ணீரைக் குழாய் வைத்து வாட்டர் கேனில் பிடியுங்கள். பாதித் தண்ணீர் போதும். 2 அடி தொட்டி என்றால் ஒன்றரை கேன் அளவு வரும். பாக்டீரியாவுக்காக அல்ல; புது வீட்டில் மீனுக்குப் பழக்கமான தண்ணீர் கொஞ்சம் இருக்கட்டும் என்பதற்காக.

3. செடிகள், பொம்மைகள், பெரிய கற்களை வெளியே எடுங்கள். செடிகளை ஈரத்துணியிலோ, ஈரச் செய்தித்தாளிலோ சுற்றிப் பையில் போட்டால் வாடாது.

4. தண்ணீர் குறைந்ததும் மீன்களைப் பிடிப்பது எளிது. துரத்தாதீர்கள். ஒரு பக்கம் வலையை அசையாமல் வைத்து, இன்னொரு பக்கத்திலிருந்து மெதுவாக ஓட்டிவிடுங்கள்.

5. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் அலசாமல் அப்படியே ஒரு டப்பாவில் போடுங்கள். நனையும் அளவுக்கு மட்டும் தொட்டித் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்காமல் வையுங்கள். தண்ணீரில் முக்கிக் காற்று புகாமல் அடைத்தால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகும். கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதை மூடியபடியே எடுத்துப்போகாமல், உள்ளிருப்பவற்றை இப்படித் தனியே எடுத்துச்செல்வது நல்லது.

6. கூழாங்கற்களைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக ஒருமுறை அலசி, ஈரத்தோடு பக்கெட்டில் போடுங்கள். கல்லுக்கு அடியில் தட்டு வைத்த அண்டர் கிராவல் ஃபில்டர் உங்களுடையது என்றால், பாக்டீரியாக்களின் வீடே இந்தக் கல்தான். காயவே கூடாது.

அடியில் தங்கிய கலங்கல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். நைட்ரேட் நிறைந்த அந்தத் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம். பழைய வீட்டு வாசல் முருங்கைக்கு ஊற்றிவிட்டு வரலாம்.

மீனுக்கும் 'சீட்' ஒதுக்கணும்

ஒரே ஊருக்குள் ஒன்றிரண்டு மணி நேரப் பயணம் என்றால் மூடி போட்ட பக்கெட்டே போதும். பாதி அளவு தொட்டித் தண்ணீர், மூடியில் சில ஓட்டைகள், முடிந்தால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். மூடி கட்டாயம். பயந்த மீன் துள்ளும்.

தூரப் பயணம் என்றால் பைதான் சரி. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இரண்டு பங்கு காற்று. 'மீனுக்குத் தண்ணிதானே முக்கியம்?' என்று பை நிறையத் தண்ணீர் பிடிப்பதுதான் பலரும் செய்வது. அது தலைகீழ். பையில் இருக்கும் காற்றிலிருந்துதான் தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் கரைய வேண்டும். அருகில் உள்ள அலங்கார மீன் கடையில் கேட்டால் சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்துத் தருவார்கள். அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன சென்னை கொளத்தூரிலிருந்து வெளியூர்களுக்கு மீன்கள் இப்படித்தான் ஆக்ஸிஜன் பையில் போகின்றன.

சில மீன்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும்:

* ஃபைட்டர் மீன் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அதற்குத் தனி டப்பா, மூடியில் ஓட்டை, மேலே காற்று இடைவெளி. அதுவே போதும். இரண்டு ஃபைட்டர்களை ஒன்றாகப் போட்டால் புது வீட்டுக்கு ஒன்றுதான் வரும்.

* ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் போன்ற சண்டைக்கார மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

* சக்கர் ஃபிஷ், கேட் ஃபிஷ் வகைகளுக்குத் துடுப்பில் முள் இருக்கும். பையைக் கிழித்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைப் பை, அல்லது பக்கெட்.

* குட்டி மீன்கள் பையின் கூர்மையான மூலைகளில் சிக்கி நசுங்கும். மூலைகளை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளியில் செய்தித்தாளைத் திணித்து மூடுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். ஆக்ஸிஜனும் குறைவாகச் செலவாகும்.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறப் பலர் தயங்குவார்கள். ஸ்கூல் லீவை ஒட்டி மே மாதத்தில் மாறும் குடும்பங்கள் நிறைய. அக்னி நட்சத்திர வெயிலில் மீனுக்கு இரட்டை ஆபத்து. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால், 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான். அதே நேரம் சூட்டில் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையோ கூடும். அதிகாலையில் கிளம்புங்கள். ஏ.சி. கார் இருந்தால் மீன் பெட்டி அதில் வரட்டும். 'ஒரு காபி குடிச்சிட்டு வந்திடலாம்' என்று வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தொட்டியைத் தண்ணீரோடு தூக்காதீர்கள்

'கொஞ்சம்தானே தண்ணி இருக்கு, நாலு பேர் சேர்ந்து தூக்கினா ஆச்சு' என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை சுமார் 56 லிட்டர் பிடிக்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். கண்ணாடி, கல் எடையெல்லாம் தனி. கண்ணாடிகளைப் பிடித்து வைத்திருப்பது ஓரத்தில் இருக்கும் சிலிக்கான் பசை மட்டுமே. தூக்கும்போது உள்ளே தண்ணீர் அலைமோதினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ அந்தப் பசை விட்டுவிடும். கல்லையும் எடுத்துவிட்டு, முழுக்கக் காலி செய்துதான் தூக்க வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். போர்வை சுற்றி, வண்டியில் அடியில் தெர்மாகோல் போட்டு நேராக உட்கார வையுங்கள். உள்ளே பாத்திர பண்டங்களை அடுக்க வேண்டாம்.

புது வீட்டில் முதல் 2 மணி நேரம்

தொட்டிக்கான இடத்தை முன்பே முடிவு செய்துவிடுங்கள். சுவரை ஒட்டி, சமதளமான தரையில், நேரடி வெயில் படாத இடம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடாகும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் கீழே வேண்டாம். பம்ப் ஒயர், பிளக்குக்குப் போகும் முன் கீழ்நோக்கி வளைந்து தொங்கும்படி விடுங்கள். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு, தொட்டியை வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பாருங்கள்.

புது வீட்டில் யாரும் யோசிக்காத ஓர் ஆபத்து உண்டு. காற்று. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது. புது பெயின்ட், வார்னிஷ் வாசனை, ஹோமப் புகை, சாம்பிராணி எல்லாம் அதன் வழியே உள்ளே போகும். எல்லாவற்றையும்விட மோசமானது, குடிவருவதற்கு முன் அடிக்கும் பூச்சி மருந்து. கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கும் பல மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள், மனிதர்களைவிட மீன்களுக்குப் பல மடங்கு கொடியவை. பூச்சி மருந்து அடிப்பதாக இருந்தால் தொட்டி வருவதற்குப் பல நாள்கள் முன்பே முடித்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தொட்டி வைக்கும் இடத்தைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். ஹோமமும் சாம்பிராணியும் நடக்கும்போது மீன்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

அடுத்து, கல்லைப் போட்டு, கொண்டுவந்த பழைய தண்ணீரை ஊற்றுங்கள். மீதியைக் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரால் நிரப்புங்கள். ஃபில்டரைப் பூட்டி ஓடவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்த அட்டைப்பெட்டியில் போனது என்று தேடும் நேரம் இதுவல்ல. அதனால், ஆன்டி குளோரின், வலை, குழாய், ஏர் பம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பழைய டவல் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.

மீனை விடும்போது அவசரம் வேண்டாம். மூடிய பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் இரண்டு தண்ணீரின் சூடும் சமமாகும். உள்ளூர்ப் பயணம் என்றால், பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, அரைமணி நேரம் பழக்குங்கள்.

பல மணி நேரம் மூடியிருந்த பை என்றால் கதை வேறு. மூச்சுவிட்டு மூச்சுவிட்டு உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும். அதனால் தண்ணீரின் பி.ஹெச் குறைந்து, சேர்ந்துபோன அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பி.ஹெச் ஏறும், அம்மோனியா விஷமாகும். ஆகவே, தூரத்திலிருந்து வந்த மீன்களுக்குப் பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். திறந்தபிறகு தாமதிக்காமல் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

எப்படி வந்த மீனாக இருந்தாலும் வலையால் எடுத்துத்தான் விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

முதல் 2 வாரம்... இதுதான் உண்மையான பயணம்

முதல் நாள் விளக்கு வேண்டாம், தீவனமும் வேண்டாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு வாரம் வழக்கமான தீவனத்தில் பாதி மட்டும். தீவனம் குறைந்தால் கழிவு குறையும். கழிவு குறைந்தால் அம்மோனியா குறையும். களைத்துப்போன பாக்டீரியாக்களுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் கிட் ஒன்று வாங்கி, முதல் 2 வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் பாருங்கள். இரண்டுமே பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஏறினால் பயப்படாமல், குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். கிட் இல்லையென்றால் மீனே சொல்லும். தண்ணீரின் மேல்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, செவுள் சிவந்திருப்பது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடப்பது ஆகிய மூன்றில் எதைப் பார்த்தாலும் உடனே தண்ணீர் மாற்றம்தான் முதலுதவி.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கினால் பலரும் செய்வது, தொட்டியை மறுபடி காலி செய்து கழுவுவது. அப்படிச் செய்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலும் அந்தக் கலங்கல் சில நாள்களில் தானாகவே தெளியும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மெத்திலீன் ப்ளூ எனப்படும் நீல மருந்தை ஊற்றுவதும் தவறு. பூஞ்சைத் தொற்றுக்குத் தனித் தொட்டியில் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. நாம் காப்பாற்றிக் கொண்டுவந்த பாக்டீரியாக்களையும் அது பாதிக்கும்.

கரன்ட் போனால் ஃபில்டர் நிற்கும். ஒரு மணி நேரம் என்றால் பரவாயில்லை. நீண்ட நேரம் போனால் ஒரு டம்ளரில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுங்கள். காற்று கலக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

கொண்டுபோக முடியவில்லை என்றால்...

வெளிநாட்டு மாற்றல், மாடி ஏற்ற முடியாத பெரிய தொட்டி, 'தொட்டியெல்லாம் வைக்கக் கூடாது' என்று கறாராகச் சொல்லும் ஹவுஸ் ஓனர். சில நேரம் மீன்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

அப்போது பலருக்கும் தோன்றுவது, 'ஏரியில விட்டா பொழச்சுக்கும், புண்ணியம்' என்பது. தயவுசெய்து வேண்டாம். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் ஃபிஷ் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உடம்பெல்லாம் எலும்புக் கவசம்; இங்கே அதைத் தின்னும் எதிரி குறைவு. ஆக்ஸிஜன் இல்லாத கலங்கல் தண்ணீரிலும் காற்றைச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். இப்படித் தொட்டியிலிருந்து தப்பியவையும் கொண்டுபோய் விடப்பட்டவையும் பெருகி, இன்று தமிழ்நாட்டின் ஏரி, ஆறுகளில் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. நாட்டு மீன்களின் இரைக்கும் முட்டைக்கும் போட்டியாக நிற்கின்றன. சாதுவான கோல்டு ஃபிஷ்ஷை விட்டாலும் புண்ணியம் இல்லை. அந்தப் பளிச் நிறத்துக்கு எளிதில் கொக்குக்கு இரையாகிவிடலாம். கோயில் குளத்துக்கும், கிணற்றுக்கும் இதே பதில்தான்.

வாங்கிய கடையிலேயே கேட்டுப்பாருங்கள். பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாலே ஆள் வந்துவிடுவார். கொடுக்கும்போது மீனை மட்டும் கொடுக்காமல், அந்த வழுவழுப்பான பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சையும் ஈரத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு மீன் இறந்துபோகலாம். வயதான மீன், ஏற்கெனவே நோய் இருந்த மீன் ஆகியவற்றுக்குப் பயணமே பெரும் சுமை. அப்போது பிள்ளைகளிடம் திருஷ்டி என்று சொல்லி முடித்துவிடாமல், ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்து அவர்கள் கையாலேயே கிட்டில் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் மீன்களுக்கு அன்று தண்ணீர் மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது அதில் தெரிந்துவிடும்.